கனகாம்பரக் கலரில் கார் இல்லை

ஆயுத பூஜைக்கு மறுநாள், தாராவி தொண்ணூறு அடி ரோட்டில், என் அம்மா முன்பின் தெரியாத ஒருவருடைய காரில் ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததோடு விடவில்லை. கதவைச் சாத்திவிட்டு, “ஏட்டீ, எவ்வளவு நேரமா நிக்கேன் தெரியுமா? ஒனக்கு நேரம் காலமே கெடையாதா?” என்று திட்டவும் தொடங்கிவிட்டாள். ஸ்டியரிங் முன்னால் இருந்தவர் மெதுவாகத் திரும்பி, “ஆச்சி, நான் ஆம்பளை” என்றாராம். தோல்பை கடைக்குள் போன மனைவிக்காகக் காத்திருந்த மனிதர். நல்லவேளையாக நம்மூர்ப் பக்கத்துக்காரர். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் நின்றார். அம்மா சிரிக்கவில்லை.

எங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு, எப்படியம்மா ஏமாந்தாய் என்று கேட்டேன்.

“வெள்ளை வண்டி. பானெட்டுல பட்டை அடிச்சிருந்துச்சு, நடுவுல பொட்டு. முன்னாடி எலுமிச்சம்பழமும் மொளகாயும் தொங்குச்சு. பொறவு அது நம்ம வண்டி இல்லாம எவன் வண்டியாம்?”

அவள் சொன்னதில் பிழை இல்லை. முந்தின நாள் எங்கள் காருக்கு விபூதிப் பட்டை போட்டுக் குங்குமம் வைத்தவளே நான்தான். ஆனால் ஆயுத பூஜைக்கு மறுநாள் தாராவியில் எந்தத் தமிழன் வண்டிக்குத்தான் பட்டை இல்லை? பட்டைக்கு அடியில் பார்த்தால் எல்லாம் வெள்ளை. வெள்ளை இல்லாவிட்டால் சில்வர். அதுவும் இல்லாவிட்டால் ஒரு அழுக்குச் சாம்பல்.

அம்மாவுக்கு விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டு வருகிறது. ஓரத்தில் இருப்பது தெரியும், நேராகப் பார்ப்பது கரைந்துவிடும். முகமும் எழுத்தும் நம்பர் பிளேட்டும் பிடிபடாது. அழுத்தமான நிறம் மட்டும் இன்னும் கொஞ்சம் பிடிபடும். மாதாமாதம் செம்பூரில் ஒரு டாக்டரிடம் கண்ணில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அவள் குடியிருக்கும் சந்துக்குள் கார் நுழையாது, மெயின் ரோட்டிலோ நிறுத்த இடம் கிடையாது. அதனால் நான் செம்பூரிலிருந்து கிளம்பும்போது போன் செய்வேன். அவள் தனியாக நடந்து வந்து மருந்துக்கடை முன்னால் நிற்பாள். நான் நிறுத்துவேன், அவள் ஏறுவாள். யார் கையையும் பிடிக்காமல் வந்து ஏறுவதில் அவளுக்கு அவ்வளவு பெருமை.

கார் மாறிய கதை அன்று சாயங்காலமே வாஷியில் இருக்கும் என் தம்பிக்குப் போய்விட்டது. அவனுக்கும் சிரிப்பு வரவில்லை. “இன்னிக்கு நல்ல மனுஷன் வண்டி அக்கா. நாளைக்கு எவன் வண்டியோ?” என்றான். பொங்கலோடு தாராவி வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவைத் தன்னோடு கொண்டுபோவதாக முடிவே செய்துவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், பயந்துபோயிருந்தான். ஆனால் அம்மாவுக்கு அந்த வீடு என்பது நான்கு சுவர் அல்ல. எதிர்வாசலில் ஒருத்தி கீரை ஆய்ந்துகொண்டே பேசுவாள், பக்கத்துவாசலில் ஒருத்தி குழாய்த் தண்ணீர் வந்தால் குரல் கொடுப்பாள். கண் மங்கினாலும் அந்தக் குரல்களை வைத்தே அவள் நாளை ஓட்டிவிடுவாள். “பன்னெண்டாவது மாடியில உக்காந்து நான் புறாகிட்டயா பேச?” என்று தம்பியிடம் கேட்டாள். பிறகு அவளே ஒரு பேரத்துக்கு வந்தாள்: “நானா வந்து, நம்ம வண்டியில தப்பில்லாம ஏறிக் காட்டுனா விட்டுருவியால?” பொங்கல் கழிந்து வரும் முதல் ஊசிக்குத் தானும் காரில் வருவதாகவும், கண்ணால் பார்த்த பிறகு பேசுவதாகவும் அவன் சொன்னான்.

எனக்கு அது பெரிய காரியமாகப் படவில்லை. எங்கள் கார் பழசாகிவிட்டிருந்தது, எப்படியும் மாற்றத்தான் போகிறோம். அம்மாவின் கண்ணுக்குத் தெரிகிற கலரில் ஒன்றை வாங்கினால் தீர்ந்தது. கலர் விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்ற திமிர் வேறு. மாட்டுங்காவில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் வேலை பார்க்கிறேன், கலர்தான் எனக்குச் சோறு போடுகிறது.

எங்கள் கடைக்கு வருகிறவர்களைப் பார்க்க வேண்டும். அரக்கு வேறு, மெரூன் வேறு என்று சண்டைக்கு வருவார்கள். மாந்துளிர் கேட்டவருக்கு வெங்காயச் சருகு நிறத்தை எடுத்துப் போட்டால் முகம் சுண்டிவிடும். மயில்கழுத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். கல்யாணப் புடவையில் ஒரு கறுப்பு இழை தட்டுப்பட்டாலும் மூட்டையோடு தள்ளிவிடுவார்கள். வெள்ளையா, மூச்! அப்படிப்பட்டவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்குவார்கள். தெருவோரம் வெள்ளையும் சாம்பலும் கறுப்புமாகக் கார்கள் நிற்கும். தன் வண்டி எது என்று அவர்களுக்கே தெரியாது. சாவியை அமுக்கி, எது ‘கீக்’ என்கிறதோ அதைத் தேடிக்கொண்டு போவார்கள். எத்தனையோ வருஷமாக இதைக் கல்லாவுக்குப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. அம்மா வேற்றுக்காரில் ஏறிய பிறகுதான் அந்தக் கேள்வி என்னைப் பிடித்து ஆட்ட ஆரம்பித்தது.

முதலில் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், செம்பூரில் எங்கள் வீட்டில் சாப்பாடு, அம்மாவும் வந்திருந்தாள். கார் வாங்கும் பேச்சை எடுத்ததும் அவர் ரசத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “வெள்ளை எடுப்போம், இல்லேன்னா கிரே. அதுக்குத்தான் ரீசேல்.”

“அது என்ன மாப்ள, ரீசேலு?” என்றாள் அம்மா.

“நாளைக்கு நாம வண்டிய விக்கப் போறோம்னு வைங்க அத்தை, வாங்குறவனுக்குப் பிடிக்கணும்ல? பளிச்சுனு ஏதாவது கலர் எடுத்தா ஒருத்தனும் சீண்ட மாட்டான்.”

“இன்னும் வாங்கவே இல்ல. அதுக்குள்ள விக்கதப் பத்தியா பேசுதிய?”

அவர் சிரித்துவிட்டு மோருக்குப் போய்விட்டார். அம்மா விடவில்லை. “கிரேன்னா என்ன கலருட்டீ?” என்று என்னைக் கேட்டாள்.

“சாம்பல்.”

“சீ, வாயக் கழுவு. புது வண்டி எடுக்கப் போற நேரத்துல சாம்பலுங்கா.”

நான் யோசித்துப் பார்த்தேன். அந்த நிறத்துக்குத் தமிழில் வேறு நல்ல சொல் எனக்கு அகப்படவில்லை. சாம்பல், இல்லாவிட்டால் புகை, இல்லாவிட்டால் எலி. மூன்றில் எதைச் சொல்லியும் மங்களகரமாக ஒரு கார் வாங்க முடியாது. அதனால்தான் எல்லோரும் இங்கிலீஷில் கிரே என்று சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறார்கள் போலிருக்கிறது.

அம்மாவுக்கு எந்த நிறம் தெரிகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதற்கு எங்கள் கடையைவிடத் தோதான இடம் ஏது? ஒருநாள் மத்தியானம், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து அவளைக் கூட்டிவந்து வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். என்னோடு வேலை பார்க்கிற சிநேகிதி புடவைகளோடு எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் போய், ஒவ்வொன்றாகத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். போகிற வருகிறவர்களெல்லாம் ஏதோ விளம்பரப் படப்பிடிப்பு என்று நினைத்துக்கொண்டார்கள்.

பிஸ்கட் கலரைப் போட்டாள். “யாரு நிக்கா? ஒருத்தரையும் காணுமே” என்றாள் அம்மா. அம்மா அன்று கட்டியிருந்ததும் பிஸ்கட் கலர்தான். நீலத்துக்கு, “என்னமோ அசையுது.” பச்சை மரத்தோடு போய்விட்டது. மஞ்சளுக்குச் சட்டென்று, “டாக்ஸி வருது” என்றாள். சிநேகிதி அங்கிருந்தே இடுப்பில் கை வைத்து முறைத்தாள்.

பிறகு கனகாம்பர நிறத்தில் ஒன்றை எடுத்தாள். முழுதாக விரிக்கக்கூட இல்லை. அம்மா ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள். “அந்தா! கனகாம்பரம்! அந்தால்லா நிக்கா!” என்று கைநீட்டினாள். நேராகக்கூட இல்லை, ஓரக்கண்ணால் பார்த்தே சொன்னாள். சிநேகிதி தெருவைத் தாண்டி வந்ததும் அந்தப் புடவையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு தடவிக்கொண்டே இருந்தாள். அந்த நேரம் ஒரு வாடிக்கையாளர் வந்ததால் நான் உள்ளே போய்விட்டேன். மனதுக்குள் எனக்கு ஒரே குதூகலம். கலர் தெரிந்துவிட்டது, இனி அந்தக் கலரில் ஒரு கார் வாங்க வேண்டியதுதானே.

ஷோரூமில் இருந்த விற்பனைக்காரர் பெரிய ஸ்கிரீனில் கலர்களைக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். நிலா, பனி, பாறை, நடுநிசி என்று கவிதையாக இருந்தது. ஒன்றையும் புடவைக் கடைக்காரியால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எவர்சில்வர் பாத்திரத்தைத் தேய்த்தால் நிலா, தேய்க்காமல் வைத்தால் பாறை, அடுப்பில் வைத்து மறந்துவிட்டால் நடுநிசி. அவ்வளவுதான் வித்தியாசம்.

“ஆரஞ்சு இல்லையா?” என்று ஹிந்தியில் கேட்டேன்.

“இருந்தது மேடம். இதே இடத்தில் ஒன்று நிறுத்தி வைத்திருந்தோம். வருகிற குடும்பமெல்லாம் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும். எடுத்து முடித்துவிட்டு வெள்ளையை புக் பண்ணிவிட்டுப் போகும். கம்பெனியும் பார்த்தது, நிறுத்திவிட்டது.”

நான் விடவில்லை. ஏன் அப்படி என்று துளைத்தேன். அவர் பொறுமைசாலி, ஒவ்வொன்றாகச் சொன்னார். மும்பை ரோட்டில் வாரம் ஒருமுறை யாராவது உரசிவிட்டுப் போவார்கள், வெள்ளையென்றால் ஒட்டுப்போட்டது தெரியாது. பளிச்சென்ற நிறம் வெயிலில் வெளுக்கும், புதுப் பெயின்ட் பழசோடு சேராது. சாம்பலில் தூசி தெரியாது. மக்கள் வாங்குகிறதைத்தான் நாங்கள் வரவழைக்கிறோம் என்றார். நிற்கிறதைத்தானே மக்கள் வாங்குகிறார்கள் என்றேன். அதுவும் சரிதான் என்று எனக்கு ஒரு காபி கொடுத்தார். எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் பேச்சு என் வீட்டுக்காரரின் ரீசேலில் வந்து முட்டியது.

அதன் பிறகு சில வாரம் எனக்குக் கார் பைத்தியம் பிடித்தது. சயான் சர்க்கிளில் சிக்னல் விழுந்தால் வண்டிகளைப் பார்ப்பேன். விக்ரோலியிலிருந்து வரும் பாதையில் நெரிசலில் மாட்டினால் முன்பெல்லாம் எரிச்சல் வரும், இப்போது வேடிக்கையாகிவிட்டது. தாளிக்காத உப்புமாவைப் பரப்பி வைத்த மாதிரி வண்டிகள். எப்போதாவது ஒரு சிவப்பு கிடைத்தால் கடுகு தட்டுப்பட்ட சந்தோஷம். அந்த ஓட்டுநரை எட்டிப் பார்ப்பேன், எப்படிப்பட்ட துணிச்சல்காரர் என்று. பெரும்பாலும் சாதாரணமாக மூக்கை நோண்டிக்கொண்டு இருப்பார்.

ஒரு காரை வாங்கினால் அது ஓய்கிறவரை வைத்திருந்த காலத்தில் ஆசைப்பட்ட நிறத்தை வாங்கியிருப்பார்கள். இப்போது யாரும் தனக்காக நிறம் பார்ப்பதில்லை. இன்னும் முகம் தெரியாத ஒருவன், சில வருஷம் கழித்து வந்து வாங்கப்போகிறவன், அவன் முகம் சுளிக்கக் கூடாது என்று பார்க்கிறார்கள். இது எனக்கு எங்கேயோ கேட்ட பேச்சாக இருந்தது. யோசித்தபோது பிடிபட்டது. நான் பாவாடை தாவணி கட்டிய வயதில், துணி எடுக்கப் போனால் கடையில் யாராவது ஒருத்தி அம்மாவிடம் சொல்லுவாள்: “பொம்பளப் பிள்ளைக்கு அடக்கமா ஒரு கலரு எடுங்க.” பாட்டு வேண்டாம், சத்தமான சிரிப்பு வேண்டாம், சிவப்பு வேண்டாம். போகிற இடத்தில் பிடிக்க வேண்டும். அந்தப் போகிற இடத்து ஆட்களை அப்போது எங்களில் யாரும் கண்டதுகூட இல்லை. என்னையும் கிரே கலரில்தான் வளர்த்திருக்கிறார்கள் என்று தோன்றியதும் எனக்குக் கோபமே வந்தது. அன்று வீட்டில் சாதம் குழைந்துபோனதற்கு இதுதான் காரணம் என்று சொன்னால் என் வீட்டுக்காரர் நம்பமாட்டார்.

கோபம் கார் வாங்கித் தருமா? ஆரஞ்சு கிடைக்கவில்லை. இன்னொரு கம்பெனியில் இருந்தது, ஆனால் எங்களுக்குக் கட்டுப்படியாகாத பெரிய வண்டியில் மட்டும். வாங்கி வேறு பெயின்ட் அடிப்போமா என்றேன். ஆர்டிஓவில் எழுதி வாங்க வேண்டும், உன் சிநேகிதியைவிட்டு வண்டிக்குப் புடவை சுற்றச் சொல் என்றார் என் வீட்டுக்காரர். கேலியாகச் சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன். மார்கழி பிறப்பதற்கு முன்னால் வந்த ஊசி நாளில், கடையில் கிடந்த கனகாம்பரத் துண்டுத் துணி ஒன்றைப் பழைய காரின் பக்கவாட்டுக் கண்ணாடியில் கட்டிக்கொண்டு போனேன். மான்குர்த் பக்கம் ஒரு வேலை முடித்துவிட்டு வந்ததில், வழியில் டிராஃபிக் போலீஸ் நிறுத்தி, எந்தக் கட்சி என்று கேட்டார். எங்கம்மா கட்சி என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். இவ்வளவு செய்தும், அந்தத் துணி அம்மாவுக்குத் தெரியவே இல்லை. நான் இறங்கிப்போய்க் கையைப் பிடித்துத்தான் ஏற்ற வேண்டியிருந்தது. உட்கார்ந்ததும், “இம்புட்டுக்காணு துணிய வச்சி என்ன செய்ய” என்று மட்டும் சொன்னாள். நான் கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். வெளிர்ப் பழுப்புப் புடவையில், பின் சீட்டோடு சீட்டாக இருந்தாள்.

அப்பா போன பிறகு அவள் அப்படித்தான். வெள்ளை கட்டு என்று யாரும் சொன்னதில்லை, எங்கள் வீட்டில் அந்த வழக்கமும் இல்லை. பொட்டுகூட வைத்துக்கொள்கிறாள். ஆனால் கலர்கள் ஒவ்வொன்றாகத் தாமாகக் கழன்றுகொண்டன. தீபாவளிக்கு எங்கள் கடைக்கு வந்தால் பிஸ்கட், பழுப்பு, சாம்பல் என்றுதான் கேட்பாள். நல்ல கலராக ஒன்று எடுத்துக்கொள்ளேன் என்றால், “நாலு பேரு பாப்பாவல்லா” என்பாள். யாரும் தடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. இதுவும் அந்த ஷோரூம்காரர் சொன்ன கதை மாதிரிதான்.

மார்கழியில் புது வண்டி எடுக்கக் கூடாது என்று தை பிறக்கக் காத்திருந்து எடுத்தோம். சாம்பல்தான். ரசீதில் அதற்கு வேறு ஏதோ அழகான பெயர்.

பொங்கல் கழிந்த முதல் ஊசி நாள் வந்தது. தம்பி வாஷியிலிருந்து ரயிலில் செம்பூர் வந்து, என் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டான். அம்மாவின் துணிமணி வைக்க இரண்டு காலிப் பைகளை மடித்துக் கொண்டுவந்திருந்தான். நான் போன் செய்தபோது அம்மா, “வா, நிக்கேன்” என்று மட்டும் சொன்னாள்.

தொண்ணூறு அடி ரோட்டில் திரும்பியதும் எப்போதும்போல நெரிசல். முன்னால் வெள்ளை, பின்னால் வெள்ளை, பக்கத்தில் எங்களைப் போலவே ஒரு சாம்பல். இதில் எங்களை அவள் எப்படிக் கண்டுபிடிப்பாள் என்று நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தவித்தேன். அப்போது தம்பி கண்ணாடியை ஒட்டிக் குனிந்தான்.

“அக்கா, அது யாரு?”

தூரத்தில், மருந்துக்கடைக்கு முன்னால், கனகாம்பரம். தெருவின் அத்தனை நிறத்துக்கும் நடுவில் அது ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது. அன்று கடையில் அவள் மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்த அதே புடவை. நான் உள்ளே போன நேரத்தில் சிநேகிதியிடம் சொல்லி எடுத்துவைக்கச் செய்திருக்கிறாள், இருவரும் எனக்கு மூச்சு விடவில்லை. அவள் எந்த வண்டியையும் தேடவில்லை. குனியவில்லை, எட்டிப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டு நின்ற இடத்தில் நின்றாள். நான் ஓட்டிக்கொண்டுபோய்ச் சரியாக அவள் காலடியில் நிறுத்தினேன்.

“ஏம்மா, நான்தான்” என்றேன்.

கதவைத் திறந்து ஏறினாள். “நான் வண்டியத் தேடுனாத்தான தப்பான வண்டியில ஏறுவேன்? வண்டி என்னையத் தேடி வரட்டும்” என்று புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

எனக்குக் கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. இத்தனை மாதம் வண்டிக்குக் கலர் தேடி அலைந்தேனே, முட்டாள். தம்பிக்கோ காதெல்லாம் சிவந்துவிட்டது. சந்து முனையில் நான்கைந்து பெண்கள் நின்று எங்கள் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தி, “என்னம்மா இது, இந்த வயசுல இந்தக் கலர்ல? பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?” என்றான்.

அம்மா அவன் குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

“நெனைக்கட்டும். எனக்கு இனிமே என்னல ரீசேலு?”

பின்னால் ஒரு வெள்ளைக் கார் ஹாரன் அடித்தது. தம்பி மடியில் இருந்த காலிப் பைகளை இன்னும் சிறிதாக மடித்துக் காலுக்கடியில் வைத்துக்கொண்டான். நான் வண்டியை எடுத்தேன்.